முதலாளிக்குக் கடன்பட்ட கடை

கணக்குப் பதிவியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. இருப்புநிலைக் குறிப்பு, பழைய வழக்கில் ஐந்தொகை, இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும். ஒரு பக்கம் சொத்துகள், மறுபக்கம் பொறுப்புகள். வங்கிக் கடன் பொறுப்புப் பக்கத்தில் இருப்பது எவருக்கும் விளங்கும். முதலாளி தன் கையிலிருந்து போட்ட முதலும் அதே பக்கத்தில், கடனுக்கு மேலே, உட்கார்ந்திருக்கிறதே, அது ஏன்? தன் பணத்தைத் தன் கடையில் போட்டவருக்கு யார் கடன்பட்டது? உரிமையாளர் வேறு, தொழில் வேறு என்று கொள்ள வேண்டும் என்பது பாடநூலின் பதில். அதை ஒரு விதியாக மனப்பாடம் செய்துவிட்டு மாணவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அந்த விதி வகுப்பறையில் பிறந்ததல்ல. பணம் ஓரிடத்திலும் பணத்துக்கு உரியவர் வேறிடத்திலும் இருந்த வியாபாரத்தில், அன்றாடத் தேவையாகப் புழங்கியது. அதைப் புரிந்துகொள்ள நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித் தொழிலைவிடத் தெளிவான சான்று தமிழருக்கு வேறில்லை. அவர்களுடைய கணக்கு முறை லாபத்தை அளப்பதற்காக என்பதைவிட, தூரத்தில் இருக்கும் பணத்துக்கு ஒருவரைப் பதில் சொல்ல வைப்பதற்காகவே அப்படி அமைந்தது என்பது என் வாதம். அதன் வலிமையும் அது கண்ட வீழ்ச்சியும் இந்த ஒரே காரணத்திலிருந்து வந்தவை.

முதலில் தூரத்தைப் பார்க்கலாம். உப்பு, நெல், துணி என்று உள்நாட்டில் வியாபாரம் செய்துவந்த நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா என்று கடல் கடந்தார்கள். 1852-இல் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைக் கைப்பற்றினர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டி வயலாக்க வந்த குடியானவருக்கு மாடு, விதை, கூலி, அறுவடை வரைக்கும் சோறு என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதிக்காரருக்குக் கொடுத்தனவே தவிர, சேற்றில் நிற்பவரிடம் போகவில்லை. அந்த இடைவெளியில், செட்டியார் கடைகள் எனப்பட்ட நகரத்தாரின் கடைகள் நுழைந்தன. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் கணக்கெடுத்தபோது அந்த நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் வழியாக வெளியே நின்ற கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. அந்தப் பணத்துக்கு உரிய குடும்பங்களோ காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருந்தன. கப்பலிலும் ரயிலிலும் பல நாள் பயணத் தொலைவில், தாம் ஒருநாளும் பார்த்திராத வயல்மேல் தம் பணம் கிடப்பதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியிருந்தது.

அங்கே அந்தப் பணத்தை ஆண்டவர் ஏஜண்டு. வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்புவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போகும்; முடிவில் லாபத்தைப் பார்த்து மேற்கொண்டும் ஏதாவது கிடைக்கும். கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்குப் போடவும் முதலாளி பெயரில் கையெழுத்திடவும் அவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் இருந்தது. அவருக்குக் கீழே அடுத்தாட்கள், அவர்களுக்கும் கீழே பெட்டியடிப் பையன்கள். பையனாகப் போனவன் கணக்கெழுதிக் கற்று, அடுத்தாளாகி, ஏஜண்டாகி, கையில் சேர்ந்ததை முதலாக்கித் தனிக்கடை வைப்பதுதான் அந்தத் தொழிலின் ஏணி. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பல கடைகள் கிட்டங்கி என்ற ஒரே கட்டடத்தில் இருக்கும். நீண்ட கூடத்தில் வரிசையாகப் பாய், தாழ்ந்த சாய்வு மேசை, பக்கத்தில் பூட்டிய மரப்பெட்டி. ஒரு மேசையும் ஒரு பெட்டியும் ஒரு கடை. கடையின் முழு உடல் பெட்டிக்குள் இருக்கும் ரொக்கமும் பத்திரங்களும் என்றால், அதன் உயிர் மேசைமேல் விரிந்த ஏடு.

அந்த ஏட்டில் என்ன நடந்தது என்பதை ஒரு சிறிய உதாரணத்தால் காட்டலாம். முதலாளி ஊரிலிருந்து 1,00,000 ரூபாய் ரங்கூன் கடைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றன்றைய நடப்பு முதலில் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போகும். பேரேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். முதலாளியின் விலாசத்துக்கும், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்தக் கடைப் பெயருக்கும், ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் 1,00,000 வரவு வைக்கப்படும். ‘இவரிடமிருந்து வந்திருக்கிறது, இவருக்குத் தரவேண்டும்’ என்பது அதன் பொருள். பர்மாவின் பெகுவில் ஒரு குடியானவருக்கு 5,000 கொடுத்தால் அவர் பேரில் பற்று எழுதப்படும். பெட்டி ரொக்கம் அந்த அளவு குறையும். பக்கத்து மேசைக்காரர் தவணைக்கு 20,000 போட்டால் அவர் பேரில் வரவு, ரொக்கம் கூடும். எந்தத் தொகையும் ஓரிடத்தில் மட்டும் நிற்காது. கொடுத்தவர் ஒருவர் இருந்தால் வாங்கியவர் ஒருவர் ஏட்டில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே எந்த நாளில் கூட்டிப் பார்த்தாலும் தரவேண்டியவற்றின் மொத்தம் வரவேண்டியவற்றோடு கையிருப்பைச் சேர்த்த மொத்தத்துக்குச் சரியாக இருக்கும். வட்டி வந்து கூடிய உபரியே லாபம். அதுவும் கடைசியில் முதலாளிக்குத் தரவேண்டியதில்தான் போய்ச் சேரும். இந்த இரண்டு மொத்தங்களையும் விரித்துக் காட்டும் தாள் ஐந்தொகை. ஏஜண்டு அதை எழுதி ஊருக்கு அனுப்புவார்.

இப்போது அந்தத் தாளை ஊரிலிருந்து படிக்கும் முதலாளியின் இடத்திலிருந்து பார்த்தால், முதல் ஏன் பொறுப்புப் பக்கத்தில் நிற்கிறது என்பது தானாக விளங்கிவிடும். ஏடு எழுதுகிறவர் முதலாளி அல்ல, ஏஜண்டு. ஏஜண்டின் பார்வையில் முதலாளி கடைக்குப் பணம் கொடுத்த பலரில் ஒருவர். முதன்மையானவர் என்றாலும் ஒருவர்தான். பிறரும் நிறையப் பேர் இருந்தார்கள். உறவுக்காரர் போட்ட தவணைப் பணம், பெண்களுக்குச் சீதனமாக வந்து வட்டிக்கு விடப்பட்ட பணம், அடத்திக் கடைகள் எனப்பட்ட பெரிய நிறுவனங்கள் இம்பீரியல் வங்கியிடம் வாங்கிச் சிறிய கடைகளுக்குப் பகிர்ந்த பணம் என்று ஒரே பெட்டிக்குள் பல கைகளின் பணம் கலந்திருந்தது. இவற்றுக்கு என்ன வட்டி என்பதை ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நிர்ணயித்தார்கள். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். கடவுளுக்கும் பேரேட்டில் இடம் இருந்தது. மகமையாக ஒதுக்கிய பணம் கோயில் பேரில் வரவாகும். கொடுக்கும் வரை அது கடையின் கடன். பழனி முருகனைத் தம் உப்பு வியாபாரத்தில் பங்குக்காரராகச் சேர்த்துக்கொண்ட வணிகரைப் பற்றி நகரத்தாரின் அறப்பட்டயங்கள் பேசுகின்றன. அதைப் பக்தி என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். தெய்வமே ஆனாலும் பெயர் எழுதி, தொகை எழுதி, பதில் சொல்லக் கடமைப்பட்டது கடை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

ஐரோப்பிய வரலாற்றிலும் இதே தடம் தெரிகிறது. இரட்டைப் பதிவு என்றால் லூகா பச்சோலியின் பெயரைத்தான் சொல்வார்கள். பிரான்சிஸ்கன் துறவியான அவர் 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில், வெனிஸ் வணிகரின் முறையை விளக்கும் பகுதி ஒன்றைச் சேர்த்தார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே புழங்கியதை எழுதினார். இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இரட்டைப் பதிவு ஏடுகளில் ஒன்று பரோல்பி என்ற புளோரன்ஸ் வணிக நிறுவனத்துடையது, ஆண்டு 1299-1300. அந்த ஏடு புளோரன்ஸில் எழுதப்பட்டதல்ல. தெற்கு பிரான்சில் சலோன் என்ற ஊரில் இருந்த கிளையில் எழுதப்பட்டது. தலைமை ஓரிடம், பணம் வேறிடம், நடுவில் ஒரு மனிதர் என்ற செட்டிநாட்டு அமைப்புதான் அங்கேயும் இருந்தது. ஜெர்மன் அறிஞர் வெர்னர் சோம்பார்ட், இரட்டைப் பதிவு இல்லாமல் முதலாளித்துவத்தை நினைத்தே பார்க்க முடியாது என்றார். லாபத்தை எண்ணால் அளக்கும் மனநிலையை அதுவே உருவாக்கியது என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் பழைய ஏடுகளைத் திறந்து பார்த்த கணக்கியல் வரலாற்றாய்வாளர் பேசில் யாமி, வணிகர் பலர் ஆண்டுதோறும் கணக்கை முடித்து லாபம் பார்க்கவே இல்லை என்று காட்டினார். ஏடு நிரம்பியதும் முடித்தவர்களும், கூட்டாளி விலகியதும் முடித்தவர்களும் உண்டு. லாபம் பார்ப்பதற்குத்தான் அந்த முறை என்றால் இந்த அலட்சியத்தை விளக்க முடியாது. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எப்போதும் தெரிந்திருப்பதற்கு என்றால் விளக்கத் தடையில்லை. இந்தியர் முறை ஐரோப்பியருடையதைவிடப் பழையது என்று கணக்கியல் ஆய்வாளர் லால் நிகம் 1986-இல் எழுதியதும், அதற்குச் சான்று போதாது என்று கிறிஸ்டபர் நோப்ஸ் மறுத்ததும் தனி வழக்கு. யார் முதலில் என்பதைவிட, ஒரே தேவை இருந்த இடங்களில் ஒரே வடிவம் நிலைத்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, ஏட்டுக்கு நான் தரும் மதிப்பு அதிகம் என்பது. நகரத்தாரைக் காத்தது சாதிக் கட்டும் கோயில் கட்டும்தான். ஏமாற்றியவனுக்கு ஊரில் வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது. அந்தப் பயம் இருக்கும்போது கணக்கு ஏன் என்று கேட்கலாம். இதில் உண்மை உண்டு. ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் அடங்கிய ஒரு சமூகத்தில் பெயர் கெட்டால் ஒளிய இடமில்லை. ஆனால் சமூகம் தரக்கூடியது தண்டனை மட்டும். யாரைத் தண்டிப்பது என்று அது சொல்லாது. டெல்டாவில் ஓர் ஆண்டு வெள்ளம் வந்து வசூல் குறைகிறது. அடுத்த ஆண்டும் குறைகிறது. இது விளைச்சலின் குற்றமா, ஏஜண்டின் குற்றமா? ஊரில் இருக்கும் முதலாளிக்கு வேறு கண் கிடையாது. தவணை முடிந்து வரும் ஏஜண்டு புதியவரிடம் ஒப்படைப்பது ஏட்டைத்தான். புதியவர் கடன்காரர் ஒவ்வொருவரையும் போய்ப் பார்க்கும்போது, ஏட்டில் உள்ள பற்றும் கடன்காரர் ஒப்புக்கொள்ளும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் குற்றம் எந்த நாளில், எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டலாம். நம்பிக்கையும் ஏடும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. நம்பிக்கை வைத்தவர் நாளைக்குச் சரிபார்க்க முடியும் என்பதால்தான் இன்றைக்கு அவ்வளவு பெரிய தொகையை, அவ்வளவு தூரத்துக்கு, உறவே ஆனாலும் ஓர் இளைஞரிடம் கொடுத்தனுப்ப முடிந்தது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது, நியாயமானதும் கூட. அந்த ஏட்டில் பர்மியக் குடியானவர் ஒரு பற்றுத் தொகையாக மட்டும்தான் இருந்தார். அவருக்குத் தெரியாத எழுத்தில் அவருடைய கதி எழுதப்பட்டது. இதை மறுக்க முடியாது. கணக்கு என்பது எழுதுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் காட்சி. உள்ளூர் லேவாதேவிக்காரரைவிடச் செட்டியார் வட்டி பொதுவாகக் குறைவு என்பது உண்மைதான். அது குடியானவரின் பேரேட்டை எழுதிவிடாது. அவர் உழைப்பு, அவர் வெட்டிய காடு, அவர் தாங்கிய காய்ச்சல் எதற்கும் அங்கே பக்கம் இல்லை. எனினும் இது கணக்கு முறை பொய் என்பதற்குச் சான்றாகாது. யாருக்குப் பதில் சொல்ல அது ஏற்பட்டதோ அவருக்கு மட்டுமே அது பதில் சொன்னது என்பதற்கே சான்று. ஒரு நிறுவனத்தின் அறிக்கையை இன்று கையில் எடுக்கும் மாணவரும் இதையே முதலில் கேட்க வேண்டும்: இந்தத் தாள் யாருக்காக எழுதப்பட்டது, யாருக்கு இதில் பக்கம் இல்லை?

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் பெரியது. இவ்வளவு நேர்த்தியான கணக்கு வைத்திருந்தவர்கள் 1930-களில் ஏன் விழுந்தார்கள்? உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. குடியானவரால் வட்டியே கட்ட முடியவில்லை. அடமான நிலம் கடைக்கு வந்தது. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் பயிர் நிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்கள் வசம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது சுமார் 25 சதவீதமானது. வெளியே பார்த்தவர்களுக்கு இது நிலப்பறிப்பு. பர்மியரின் கோபம் செட்டியார்கள்மேல் திரும்பியது. உள்ளே பேரேட்டில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடியானவர் பேரில் 5,000 பற்று இருக்கிறது. அந்தத் தொகைக்கு ஈடாக அவர் நிலத்தை எழுதிக்கொடுக்கிறார். அவர் கணக்கு முடிகிறது. நிலக் கணக்கில் 5,000 ஏறுகிறது. ஐந்தொகை முன்புபோலவே கச்சிதமாக நேர் நிற்கிறது. சந்தையில் அந்த நிலத்துக்கு 2,500 கேட்கவும் ஆளில்லை என்பது ஏட்டுக்குத் தெரியாது. மறுபக்கத்தில் தவணைப் பணம் போட்டவர்களுக்கும் வங்கிக்கும் தரவேண்டியது மட்டும் ரூபாய்க்கு ரூபாய் அப்படியே இருக்கிறது. ஆளைப் பதில் சொல்ல வைக்கும் ஏடு, விலையைப் பதில் சொல்ல வைக்கவில்லை. இரண்டு பக்கமும் சரியாக இருப்பது பதிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதற்கு அடையாளம். எழுதப்பட்டது இன்னும் அந்த விலை பெறும் என்பதற்கு அல்ல. வீழ்ச்சிக்கு மந்தமும் பின்னால் வந்த போரும் காரணம், கணக்கு அல்ல என்பார்கள். புயலைக் கணக்கு தடுத்திருக்காது என்பது சரி. புயல் வந்துவிட்டதை அது காலத்தோடு சொல்லியிருக்க முடியும். கொடுத்த தொகையைத் தவிர வேறு எண்ணை ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லாததால் சொல்லவில்லை.

வெளியாரும் படிக்க வேண்டிய நிலை வந்தபோது இந்த ஏடு வேறொரு விதத்திலும் சோதனைக்கு உள்ளானது. 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே சம்பாதித்த தொழில் லாபம் மூன்று ஆண்டுக்குள் உள்ளே கொண்டுவரப்பட்டால் அதற்கு வரி இருந்தது. மலேயாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஊருக்கு வந்த பணம் லாபமா, திரும்பி வந்த முதலா? முதலாளிக்கும் ஏஜண்டுக்கும் இடையில் இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. எதுவானாலும் அது முதலாளிக்குத் தரவேண்டியதுதான். வரி அதிகாரிக்கோ அதுதான் முழுக் கேள்வி. ஒருவருக்குப் பதில் சொல்ல எழுதிய ஏடு இன்னொருவர் கேட்கும் கேள்விக்குத் திணறுவதை அந்தக் கால வரி வழக்குகளில் காணலாம். கூட்டுப்பங்கு வங்கிக்கு நகரத்தார் நகர்ந்தபோதும் இதே மாற்றம் நடந்தது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நேரத்தில் திறந்தார். குடும்ப விலாசத்துக்குப் பின்னால் குடும்பத்தின் முழுச் சொத்தும் நின்றது. வங்கிக்குப் பின்னால் போட்ட பங்கு மட்டும்தான். ஆகவே முகம் தெரியாத பங்குதாரருக்கும் வைப்பாளருக்கும் புரியும்படி, தணிக்கை செய்து, அச்சிட்டு வெளியிட வேண்டியதாயிற்று. பதில் சொல்ல வேண்டியவர்களின் வட்டம் விரிய விரியக் கணக்கின் வடிவமும் மாறியது.

1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது கடைகள் கலைந்தன. சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. இழப்பீட்டுப் பேச்சு பேச்சாகவே நின்றது. செட்டிநாட்டில் மிஞ்சிய பேரேடுகளில் பல தொகைகள் இன்றும் வரவேண்டியவையாகவே நிற்கின்றன என்றால், அது அந்த முறையின் குறையைத் துல்லியமாகக் காட்டுகிறது. வராத கடனை ஒப்புக்கொள்ளும் நாள் எது என்று அது விதி வகுக்கவில்லை. இன்றைய வங்கியியல் அந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. வட்டியோ தவணையோ 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் அதை வாராக்கடனாகக் காட்டி, லாபத்திலிருந்து அதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. இந்த விதியை வங்கி மேலாளர்கள் வெறுக்கிறார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து அதைத் தாண்டப் பார்ப்பவர்களும் உண்டு. அதனாலேயே மாணவர் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கற்க வேண்டும். முதல் ஏன் பொறுப்புப் பக்கத்தில் இருக்கிறது என்ற கேள்வி, யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பதைச் சொல்லித்தரும். சொத்துப் பக்கத்தில் உள்ள எண் இன்று என்ன பெறும் என்ற கேள்வி, சொல்லும் பதில் இன்னும் மெய்தானா என்பதைச் சொல்லித்தரும். முதல் கேள்வியை நகரத்தார் ஏடு மிக நன்றாகக் கேட்டது. இரண்டாவதைக் கேட்க அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஏட்டின் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள்.